சர்க்கரை குறைத்தவள்

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை என் கணவர் சொல்லிச் சொல்லி எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நேரில் 'வாங்க, போங்க' என்றுதான் பேசினேன். இங்கே 'அவள்' என்றே எழுதுகிறேன். அந்தச் சின்ன சுகமாவது எனக்கு இருக்கட்டும்.

டெல்லி ஜனக்புரியில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. படியேறி வந்தால் இடது பக்கக் கதவு எங்களுடையது, எதிர்க் கதவு அவளுடையது. அவள் கணவருக்கு மாற்றலாகிக் கோயம்புத்தூரிலிருந்து அவர்கள் வந்து இறங்கிய அன்று, சாமான் பிரிக்கிற அவசரத்தில் இருப்பார்களே என்று நானே காபி கலந்து எடுத்துக்கொண்டு போனேன். தம்ளரை வாங்கியவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெட்டியிலிருந்து இன்னொரு தம்ளரைத் தேடி எடுத்தாள். பாதிக் காபியை அதில் ஊற்றி என் கையிலேயே கொடுத்தாள்.

"எனக்கு இவ்வளவு போதுமுங்க்கா. கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

நான் மன்னார்குடிக்காரி. எங்கள் பக்கத்தில் கொடுத்த காபியைத் திருப்பிக் கொடுத்தால் சண்டைக்கு நிற்கிறார்கள் என்று அர்த்தம். அவளுக்கோ அது மரியாதை. வீணாக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எதையும் குறைப்பதுதான் அவள் சுபாவம். வாசலில் போடும் கோலம் ஒரு சப்பாத்தி அளவுக்குத்தான் இருக்கும். சேலையில் கரை இருக்கிறதா என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். குரலையும் குறைத்துத்தான் பேசுவாள். ஹிந்தியில் பாதி வார்த்தைகளை விட்டுவிடுவாள். "பையா, தனியா. தோடா. பஸ்" என்பாள். அண்ணா, கொத்தமல்லி, கொஞ்சம், போதும், அவ்வளவுதான். நான் முழு வாக்கியம் பேசினாலும் எனக்குக் கொடுக்காத நல்ல கொத்தமல்லியைக் காய்கறிக்காரன் அவளுக்கு எடுத்துக் கொடுப்பான். டெல்லிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன எனக்கு அதைப் பார்த்து வயிறு எரியும்.

நான் அவளுக்கு நேர் எதிர். எனக்கு அளந்து போடத் தெரியாது. தீபாவளிக்கு நான் கிளறும் மைசூர்பாகு கீழ்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தில் தொடங்கி கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவலாளி வரைக்கும் போகும். என் கணவர் வங்கியில் இருந்த காலம் முழுக்க அவருடைய டிபன் டப்பாவில் இன்னும் இரண்டு பேருக்குச் சோறு இருக்கும். பெண்டாட்டிக்குத் தாராளக் கை என்று அவருக்கு ஒரு பெருமை. வெளியே சொல்லமாட்டார், ஆனால் எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் டெல்லி ஜூன் மாத வெயிலிலும் அலுக்காமல் அடுப்பின் முன்னால் நின்றேன்.

அவர் ஓய்வு பெற்றதற்கு மறு வருஷக் குளிர்காலம், காலை நடைக்குப் போனவர் மாரைப் பிடித்துக்கொண்டு பார்க் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சர்க்கரை, நெய், வெண்ணெய், பொரித்தது என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். அவர் மடக்கிய விரல் ஒவ்வொன்றும் நான் பேர் வாங்கிய ஒரு பண்டம். ஆஸ்பத்திரி லிஃப்டில் இறங்கும்போது, இவர் பிழைத்துவிட்டார், என் கைக்குத்தான் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த வாரமே அவள் ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணனுக்குங்க. சாயந்தரம் டீயோட ரெண்டு குடுங்க. சக்கரை இல்லீங்க, வெண்ணெ இல்லீங்க."

"அப்ப என்னதான் இருக்கு அதுல?" என்று கேட்டேன்.

"ஓட்ஸ், ராகி, அக்ரூட், கொஞ்சம் ஆளிவிதை. இனிப்புக்குப் பேரீச்சம்பழம். கடலெண்ணெ ரெண்டு கரண்டிதானுங்க. எங்க வீட்டுக்காரருக்கு இதைத்தான் குடுக்கறேன்."

அவள் கணவருக்கு முன்பே நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. இந்த பிஸ்கட் அவருக்காக அவளே யோசித்து, செய்து, கெடுத்து, திரும்பச் செய்து கண்டுபிடித்தது. மண் நிறத்தில் தட்டையாக இருந்தது. நான் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். சுக்கு வாசனையோடு அட்டையைத் தின்ற மாதிரி இருந்தது. மனசுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

என் கணவர் ஒன்றை டீயில் நனைத்துத் தின்றார். பிறகு நனைக்காமல் இன்னொன்று தின்றார்.

"நல்லாருக்கே! ரெண்டோட நிறுத்திக்கத் தோணுது பாரு, அதுதான் விசேஷம்," என்றார்.

அதே மனிதர்தான் முந்தின நாள் நான் சர்க்கரை போடாமல் செய்து கொடுத்த ராகிக் கஞ்சியை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அவர் உடம்பு கெடாத ஒரு பண்டத்தை என் கையால் செய்து கொடுக்க வேண்டும், அவர் அதைத் தின்றுவிட்டு நல்லாருக்கே என்று சொல்ல வேண்டும். முப்பது வருஷம் எனக்கு வந்துகொண்டிருந்த அந்த வார்த்தை இப்போது எதிர் வீட்டுக்குப் போய்விட்டது. அதை நான் திரும்ப வாங்கியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சம்புடம் வந்தது. அதை ஃபிரிட்ஜின் மேல் பழைய பேப்பர்களுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். நாலு மணி அடித்தால் அவர் ஸ்டூல் போட்டு ஏறித் தேடினார். ஸ்டென்ட் வைத்த மனுஷனை ஸ்டூலில் ஏறவிட்ட பாவம் எனக்கு எதற்கு என்று கீழே எடுத்து வைத்துவிட்டேன். குர்காவ்னில் வேலை பார்க்கும் என் மகள் வந்தாள். அவளும் இரண்டைத் தின்றாள்.

"மா, இது செம குக்கீஸ். ஆன்ட்டிகிட்ட ரெசிபி லே லோ நா, கேட்டு வாங்கிக்கோயேன். ஆஃபீஸ்ல இதுக்கு எவ்ளோ டிமாண்ட் தெரியுமா?"

"நான் செய்யற அதிரசத்துக்கு ஆஃபீஸ்ல டிமாண்ட் இல்லையா?"

"அதிரசம் யாருமா சாப்பிடுவா இப்போ?" என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்க்கப் போய்விட்டாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

பொங்கல் சமயத்தில் ஒன்று நடந்தது. எங்கள் காலனித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பார்க்கில் பொங்கல் வைப்போம். சர்க்கரைப் பொங்கல் எப்போதும் என் பொறுப்பு. வெல்லத்தைத் தட்டி ஒரு தாம்பாளத்தில் வைத்துவிட்டு, ஏலக்காய்ப் பொடியை எடுக்கத் திரும்பினேன். வெல்லத்தைக் கொட்டிக் கிளறினேன். பிறகு பார்த்தால் நல்ல பெரிய கட்டி ஒன்று ஒரு வாழை இலைத் துண்டில் தனியாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க எடுத்தீங்களா?"

"ஆமாங்க்கா. நெறயப் பேருக்குச் சுகர் இருக்குதுங்க. குறைச்சது தெரியாதுங்க, பாருங்களேன்."

எல்லார் எதிரிலும் சத்தம் போட வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த வருஷம் எல்லாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இந்தத் தடவை திகட்டவே இல்லை, கை தேர்ந்துவிட்டது என்று என்னைப் பாராட்டினார்கள். நான் தலையாட்டிக்கொண்டே அவளைப் பார்த்தேன். அவள் தொன்னையில் ஒரு வாய்ப் பொங்கலை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் அவள் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அந்த பிஸ்கட்டை அவள் வீட்டில் சுடவில்லை. டெல்லியில் ஒரு வழக்கம் உண்டு. கோதுமை மாவு, நெய், சர்க்கரை, பால் எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனால், அங்கேயே பிசைந்து, வெட்டி, தட்டில் அடுக்கி, பட்டி என்கிற பெரிய அடுப்பில் சுட்டுக் கொடுத்துவிடுவார்கள். கூலி மட்டும் அவர்களுக்கு. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கரி வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தங்கள் நெய் தங்கள் மாவில்தான் போகிறதா என்று ஒரு கண் உள்ளேயே இருக்கும். அவள் நெய்யே இல்லாமல் அங்கே போய் உட்கார்ந்தவள்.

முதல் தடவை நடந்ததைக் கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மா எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பேக்கரிக்காரர் வழக்கப்படி தன் டப்பாவிலிருந்து சர்க்கரையை அள்ளியிருக்கிறார். இவள் எழுந்துபோய் மாவுப் பாத்திரத்தின் மேல் தன் கையை விரித்து மூடிக்கொண்டாளாம்.

"பையா, சீனி நஹீ."

"ஆன்ட்டிஜி, சீனி இல்லாம பிஸ்குட் விரியாது, சிவக்காது. அப்புறம் என் பேர் கெடும்."

"விரிய வேண்டாம். பஸ்."

அவர் சொன்னது உண்மைதான். சர்க்கரை இல்லாத மாவு வைத்த இடத்தில் வைத்தபடி கட்டியாக நிற்கும். அதனால் ஒவ்வொன்றையும் அவளே உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கினாள். பெரிய சூட்டில் வைத்தால் பேரீச்சம்பழம் கரிந்து கசக்கும். அதனால் எல்லாருடைய தட்டும் வெளியே வந்து அடுப்பு தணிகிற வரைக்கும் காத்திருந்து கடைசியாக வைக்கச் சொன்னாள். ஓட்ஸை வீட்டிலேயே வறுத்துப் பொடித்துக் கொண்டுபோனாள், சிவக்காத குறை அந்த வாசனையில் தெரியாது. இதெல்லாம் நான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. ஸ்வெட்டர் பின்னுவது போல நாலு ஸ்டூல் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் அந்த பேக்கரிக்காரரே மற்றப் பெண்களிடம், "இவ்வளவு சீனி எதுக்கு? மதராசி ஆன்ட்டியைப் பாருங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். நானும் மதராசி ஆன்ட்டிதான். என்னைப் பார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் வீட்டுக்குள் நான் அதிகம் போனதில்லை. ஒருதடவை கியாஸ் தீர்ந்துபோய்ப் பால் காய்ச்சப் போனேன். அவள் கணவர் சோபாவில் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாசரில் இரண்டு பிஸ்கட் கொண்டுவந்து வைத்தாள். அவர் கண்ணை எடுக்காமல் கையை நீட்டினார். மாத்திரை போடுகிற மாதிரி வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான். சாசரை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். பரவாயில்லை, நான் கொடுத்துவைத்தவள் என்று அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இந்த பிஸ்கட்டுக்கா என் வீட்டில் இத்தனை கொண்டாட்டம் என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் நானே செய்வது என்று முடிவெடுத்தேன். மெட்ரோ பிடித்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் நல்ல ராகி மாவும் ஏலக்காயும் வாங்கி வந்தேன். ஓட்ஸ் வறுத்தேன், பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து அரைத்தேன், அக்ரூட் பொடித்தேன். எல்லாம் அவள் செய்கிற மாதிரியே. சுக்குக்குப் பதிலாக ஏலக்காய் போட்டேன். கடலெண்ணெயை அளந்து எடுத்தவள், கொஞ்ச நேரம் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு கரண்டி எண்ணெயைக் குறைத்துக்கொண்டு ஒரு கரண்டி நெய் விட்டேன். ஒரு தட்டு பிஸ்கட்டுக்கு ஒரு கரண்டி நெய் யாரையும் கொன்றுவிடாது. என் கை என்று ஒன்று அதில் இருக்க வேண்டாமா?

பேக்கரியில் அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். என் டப்பாவைப் பார்த்ததும் பக்கத்து ஸ்டூலைத் துடைத்து, "உக்காருங்க்கா" என்றாள். இரண்டு பேர் மாவும் ஒரே பழுப்பு நிறம். பேக்கரிக்காரரிடம் வட்ட அச்சு ஒன்றுதான் இருந்தது. இரண்டையும் அதிலேயே வெட்டி, இரண்டையும் கடைசிச் சூட்டுக்கு ஒதுக்கி வைத்தார். யாருடைய தட்டு என்று விளிம்பில் சாக்பீஸால் எழுதுவது அவர் வழக்கம். ஒன்றில் 'மதராசி' என்று எழுதினார். இன்னொன்றிலும் 'மதராசி' என்றே எழுதினார். அவருக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுதான்.

அவளோடு ஒரு மணி நேரம் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. பச்சைப் பட்டாணி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனேன். நான் திரும்பியபோது அவள் ஸ்டூல் காலியாக இருந்தது. கணவர் சாவி எங்கே என்று கேட்டு ஃபோன் பண்ணினாராம், போய்க் கொடுத்துவிட்டு வருவதாகப் போயிருக்கிறாள். "லே ஜாவோ, ஆன்ட்டிஜி" என்று பேக்கரிக்காரர் கைக்கு அகப்பட்ட தட்டை என் டப்பாவில் கவிழ்த்தார். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சூடு ஆறும் முன் மூடக் கூடாது என்ற கவலையில் நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் டீயோடு இரண்டு பிஸ்கட்டை அவர் முன்னால் வைத்தேன். நான் செய்தது என்று சொன்னேன். கடித்தார். மெதுவாக மென்றார். எனக்குப் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பது போல இருந்தது.

"ஏய், பிரமாதம்டி!" என்றார். "எதிர் வீட்டம்மா செய்யறதைவிட இது ஒரு படி மேல. நெஜமாத்தான் சொல்றேன். உன் கைமணம் தனி."

அந்த ஐந்து நிமிஷம் நான் தரையில் நிற்கவில்லை. இன்னும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வாசல் மணி அடித்தது. அவள்தான், கையில் அதே சம்புடம்.

"வாம்மா, வா," என்றார் என் கணவர். இத்தனை உற்சாகமாக அவர் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. "இனிமே உனக்கு அலைச்சல் இல்ல. இங்க பாரு, உன் அக்கா பண்ணியிருக்கா. கோவிச்சுக்காத, உன்னோடதைவிட நல்லாவே வந்திருக்கு. சாப்பிட்டுப் பாரு."

தட்டை அவள் முன்னால் நீட்டினார். அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். நானும் அப்போதுதான் ஒன்றை வாயில் போட்டேன். சுக்கு. ஏலக்காய் இல்லை, நெய் இல்லை, சுக்கு வாசனை மூக்கில் ஏறியது. அவள் கையிலிருந்த சம்புடத்தைப் பார்த்தேன். மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தது. அதிலிருந்து வந்தது என் ஏலக்காய் வாசனை.

எனக்குக் காது இரண்டும் சுட்டன. அவர் தின்றதும் அவள் பிஸ்கட், இத்தனை மாதமாகத் தின்றதும் அவள் பிஸ்கட். என் பெயரைச் சொன்னதும் அதே பண்டம் ஒரு படி மேலே போய்விட்டது. அதற்குச் சந்தோஷப்படுவதா, இந்த நாக்குக்கா இத்தனை வருஷம் சமைத்தோம் என்று தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆனால் அவள் முகத்துக்கு எதிரே அவளுடைய பாராட்டை வாங்கிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"தட்டு மாறிப்போச்சு," என்றேன். "இது அவங்களோடது. என்னோடது அவங்க கையில இருக்கு."

என் கணவர் அவளைப் பார்த்தார். அவள் சம்புடத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க்கா. என் தட்டை நானே பாத்துத்தான் எடுத்தனுங்க. இது உங்களோடதுதான். நல்லா வந்திருக்குதுங்க."

"பாத்தியா?" என்று அவர் சிரித்தார். "ஒருத்தர் பாராட்டினா வாங்கிக்கத் தெரியல உனக்கு."

அவள் அந்தச் சம்புடத்தைக் கொடுக்காமலேயே திரும்பிப் போய்விட்டாள்.

அன்றுதான் அவளை நான் நிஜமாகவே வெறுத்தேன். பிஸ்கட்டில் ஜெயித்தாள், சரி. பெருந்தன்மையிலும் அவள்தான் ஜெயிக்க வேண்டுமா? தன் பண்டத்தைத் தன் முன்னாலேயே இன்னொருத்தியின் பேரில் ஏலம் விடுகிறார்கள், ஆமாங்க என்று தலையாட்டிவிட்டுப் போகிறாள். நானாக இருந்தால் சம்புடத்தை மேஜைமேல் கவிழ்த்து, இது ஏலக்காய், இது சுக்கு, மோந்து பாருங்கள் என்று ஊரைக் கூட்டியிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்புடம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. படியில் பார்த்தபோது, "அதான் நீங்க செய்யறீங்களேக்கா" என்றாள். ஆகவே நான் செய்தாக வேண்டியதாயிற்று. நெய் இல்லாமல் செய்தேன். சுக்கு போட்டுச் செய்தேன். ஒவ்வொரு வாரமும் என் கணவர் பொறுமையாக மென்றுவிட்டு ஒரே பதிலைச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்குப் பண்ணின மாதிரி வரல."

"அன்னிக்குப் பண்ணினது நான் இல்ல!"

"சரி சரி, கோவப்படாத. அடுத்த வாரம் வரும்."

முன்பாவது அவளோடு போட்டி. இப்போது நான் செய்யாத என் பிஸ்கட்டோடு போட்டி. இதற்கு நான் யாரிடம் போய் முறையிடுவது? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய ரிப்போர்ட் நன்றாக இருப்பதைப் பார்த்து டாக்டர் அந்த வருஷம் என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். நான் பிஸ்கட்டைப் பற்றிச் சொன்னேன். யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு அவள் கணவருக்கு மறுபடி மாற்றலாகிவிட்டது. சாமான் லாரி முந்தின நாளே போயிருந்தது. டாக்ஸி கீழே நின்றது. அவள் கணவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கைப்பையோடு படியிறங்கப்போன அவளை நான் வழிமறித்துக்கொண்டேன். இனிமேல் கேட்காவிட்டால் எப்போதுமே கேட்க முடியாது.

"அன்னிக்கு ஏன் அப்படிப் பொய் சொன்னீங்க?"

என்ன, ஏது என்று அவள் கேட்கவில்லை. கீழே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"மாத்திக் குடுத்துரலாம்னுதானுங்க்கா வந்தேன். வீட்ல அவருக்கு முதல்லயே ஒண்ணு வெச்சுட்டனுங்க, தெரியாம. உங்களோடதை."

"அதுக்கு?"

"தின்னாருங்க. இன்னொண்ணும் எடுத்துக்கிட்டாரு. அப்புறம் ஃபோனைக் கீழ வெச்சுட்டு என்னையப் பாத்தாருங்க."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலீங்க. பாத்தாரு. இது நீ செஞ்சதான்னு கேக்கற மாதிரி." அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். "உங்க வீட்டுக்கு வந்தா அண்ணன் உங்களை அப்படிப் புகழறாரு. சரி, அவங்களுக்கு அது இருக்கட்டும், எனக்கு இது இருக்கட்டும்னு தோணிருச்சுங்க. நான் ஒண்ணும் பெரிய மனசு பண்ணி விட்டுக்குடுக்கலீங்க்கா. உங்களோடதை நானும் எடுத்துக்கிட்டேன்."

எனக்கு வந்த முதல் எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. அந்தப் பார்வை என் பிஸ்கட்டுக்கு விழுந்தது, எனக்குச் சேர வேண்டியதை இத்தனை நாளும் இவள் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இத்தனை மாதமாகப் பெருந்தன்மை பெருந்தன்மை என்று நான் வெந்து செத்ததற்குக் கணக்குக் கேட்கலாம் போல இருந்தது.

"அதுல ஏலக்காய் போட்டிருந்தேன்," என்றேன் விறைப்பாக. "ஒரு கரண்டி நெய்யும்."

"தெரியுமுங்க. வாசனையிலயே தெரிஞ்சுதுங்க. அன்னையிலிருந்து அப்படித்தான் போடறேன், ஒரு கரண்டி நெய், ஏலக்காய்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அவரு மறுபடி நிமிந்து பாக்கலீங்க்கா."

டாக்ஸியில் ஹாரன் அடித்தார்கள். அவள் என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு இறங்கிப் போனாள். மாடிப்படி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவள் பின்கதவைத் திறந்து ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள். முன்சீட்டில் அந்த மனிதர் தலையைக் குனிந்து ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய் அவர் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாமா என்று எனக்குக் கை துடித்தது. வண்டி போய்விட்டது.

உள்ளே வந்தேன். என் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து உட்கார்ந்ததும் டிவியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னடி, முகம் ஒரு மாதிரி இருக்கு? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல," என்றேன். "கொஞ்ச நேரம் இப்படியே பாத்துக்கிட்டு இருங்க."